ஆணியில் தொங்கிய ரொட்டி

கட்டட வேலைக்குப் போன எல்யோர் சமாராவிலிருந்து அனுப்பிய படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்த முதல் ஆள் அவன் மனைவி முயஸ்ஸர் அல்ல, அவனைப் பெற்ற சனோபரும் அல்ல. அடுத்த வீட்டு கவ்ஹர்தான். சல்லடை இரவல் கேட்டு வந்தவள். அவள் வீட்டிலேயே நல்ல சல்லடை இருக்கிறது என்பது குவா ஊரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ஆனாலும் பட்டுப்புழுப் பருவத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைய ஏதாவது காரணம் வேண்டுமே.

புழு வளர்க்கிற வீட்டில் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அதிலும் கவ்ஹருடைய கண்ணை நம்பிப் புழு அறைக் கதவைத் திறக்க எவளுக்கும் துணிச்சல் வந்ததில்லை. அதனால் சனோபர் அவளை முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கிடக்கும் பெரிய மரக்கட்டிலிலேயே மறித்து உட்காரவைத்துவிட்டாள். முயஸ்ஸர் உள்ளே மல்பெரிக் கிளைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் கட்டில்மேல் கிடந்தது. அது டிங்கென்றது.

"என் கண்ணாடி உள்ள கிடக்கு. எல்யோரா இருக்கும். என்ன அனுப்பிருக்கான்னு பாரு கவ்ஹர்" என்றாள் சனோபர். அந்த ஒரு பேச்சுக்காக அவள் பிறகு எத்தனை தரம் நாக்கைக் கடித்துக்கொண்டாளோ.

"போட்டோக்கா. கெளம்பிட்டானாம்! 'ரயிலுக்குப் போறேன்'னு எழுதிருக்கான். அடடா, புதுக் கோட்டு. பையெல்லாம் கட்டிக் காலடியில வச்சிருக்கான். மூஞ்சிய மட்டும் ஏன் இப்பிடி உம்முன்னு வச்சிருக்கான்?"

"அவன் என்னிக்கு போட்டோவுக்குச் சிரிச்சான்? பல்லு தெரிஞ்சிருமாம்."

சின்ன வயதில் வாதுமைப்பழக் கொட்டையைப் பல்லால் உடைக்கப் போய் முன்பல் பாதி போனவன் எல்யோர். கல்யாணப் படத்தில்கூட உதட்டை ஒட்டவைத்தது போலத்தான் நிற்பான்.

கவ்ஹர் படத்தை விரித்தாள். கோட்டுத் துணியைப் பார்த்தாள். பையின் பூட்டைப் பார்த்தாள். அப்புறம் விரல் மெதுவாகச் சுவருக்கு ஏறியது, அங்கேயே நின்றது.

"அக்கா, இவன் யாரோட தங்கிருக்கான்?"

"நாலஞ்சு ஆம்பளைங்க. எல்லாம் கட்டட வேலைக்காரனுங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சுவத்துல ஒரு ரொட்டி தொங்குது. ஒரு வாய் கடிச்ச ரொட்டி."

முயஸ்ஸர் அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். கையெல்லாம் இலைப் பால். அவள் காதில் விழுந்தது அந்தக் கடைசிப் பேச்சுதான்.

எங்கள் பக்கத்தில் வெளியூர் கிளம்புகிறவன் வாசல் தாண்டுமுன் ஒரு புது ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை அவனுக்காகக் காத்திருக்கிறவர்கள் ஆணியில் மாட்டிவைப்பார்கள். அவன் திரும்பி வந்து தின்று தீர்க்கும்வரை அது காய்ந்து கட்டையானாலும் யாரும் தொடமாட்டார்கள். சனோபர் வீட்டுப் பெரிய அறையிலும் அப்படி ஒன்று தொங்குகிறது. தட்டு மாதிரி வட்டம், தடித்த விளிம்பு, நடுவில் பூ அச்சு, ஓரத்தில் எல்யோரின் வாய். அவன் அதைக் கடித்துவிட்டுப் போன அன்று மகள் லோலா தவழக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. இன்று அவள் கோழியை விரட்டிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடுகிறாள்.

"கூட இருக்கற பயல் எவனாச்சும் ஊருக்குப் போயிருப்பான். அவனோடது" என்றாள் சனோபர்.

"இருக்கும் இருக்கும். ஆனா ஆம்பளைங்க அறையில ரொட்டிய யாருக்கா மாட்டுவா? அவனுங்க கழட்டுன சட்டையையே மாட்ட மாட்டானுங்க."

"கெலின்" என்றாள் சனோபர். வந்து ஆறு வருஷமாகியும் முயஸ்ஸருக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர், மருமகள். "கவ்ஹருக்கு டீ ஊத்தும்மா."

முயஸ்ஸர் பச்சைத் தேநீரைப் பியாலாவில், அந்தக் கைப்பிடியில்லாத கிண்ணத்தில், கால்வாசி ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து நீட்டினாள். மதிப்புள்ள விருந்தாளிக்கு அவ்வளவுதான் ஊற்றுவோம். குடிக்கக் குடிக்கத் திரும்பத் திரும்ப ஊற்றுவதில்தான் மரியாதை. சனோபர் மருமகள் கையிலிருந்து கெட்டிலை வாங்கினாள். கவ்ஹரின் பியாலாவில் விளிம்பு தொட ஊற்றினாள்.

குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அதற்கு அர்த்தம். கவ்ஹருக்கும் தெரியும். சுடச்சுட ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். சல்லடையை மறந்துவிட்டாள். போனது வீட்டுக்கல்ல, ரொட்டிச் சூளைக்கு. அந்த நேரத்தில் அங்கே பத்துப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

படத்தைப் பார்க்கிற கலை முயஸ்ஸருக்குக் கைவந்தது எல்யோரால்தான். அவன் போன மறுநாளிலிருந்து வீட்டைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். லோலாவுக்கு முளைத்த முதல் பல், பூத்த வாதுமை, தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு ரொட்டி ஒட்டுகிற சனோபர் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் சனோபர் வீட்டில் சும்மா படமெடுத்துவிட முடியாது. "இரு, இரு, படத்துக்குப் பெருக்கு" என்பாள். படத்துக்குப் பெருக்குவது என்றால் தரையைப் பெருக்குவது மட்டுமில்லை. மருந்துப் புட்டி, கிழிந்த செருப்பு, தண்ணீர் வாளி, கொடியில் தொங்கும் உள்பாவாடை எல்லாம் படத்தின் சட்டத்துக்கு வெளியே போகவேண்டும். தூங்குகிறவரை எடுக்கக்கூடாது. தலைத்துணி நழுவினால் எடுக்கக்கூடாது. புழு கூடு கட்டும்வரை புழுவையும் எடுக்கக்கூடாது.

"அன்னிய ஊர்ல கெடக்கறவன் நம்ம கஷ்டத்தப் பாத்து என்ன பண்ணப் போறான்? நல்லதா நாலு காட்டு."

முதல் வருஷம் எல்யோர் ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி கேட்பான். இன்னும் கிட்ட எடு என்பான், கதவுக்கு எப்போ பச்சை அடிச்சீங்க என்பான். அப்புறம் ஒரு சிரிக்கிற மூஞ்சி வந்தது. அப்புறம் வெறும் கட்டைவிரல். இந்தப் பனிக்காலத்திலிருந்து முகம் பார்த்துப் பேசுவதும் நின்றுபோனது. நெட் இழுக்கவில்லையாம். குரல் மட்டும் வரும், அதுவும் அவசரமாக.

ஆகவே அன்று முயஸ்ஸர் கையைக் கழுவிவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தபோது எல்யோரைப் பார்க்கவில்லை. அவனைச் சுற்றி என்ன பெருக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாள். சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுத்திருந்தது. அங்கே தொங்கிய எதையோ கழற்றியிருக்கிறார்கள். ஜன்னல் மாடத்தில் பூந்தொட்டி வைத்த வட்டக் கறை இருந்தது, தொட்டி இல்லை. நாலு ஆண்கள் தங்குகிற அறையின் தரை பளபளவென்றிருந்தது. எல்லாவற்றையும் ஒளித்தவன் ரொட்டியை மட்டும் விட்டுவிட்டான். செருப்பை ஒளிக்கலாம், சீப்பை ஒளிக்கலாம். காத்துத் தொங்குகிற ரொட்டியை எங்கள் ஆள் எவனும் கை வைத்து இறக்கமாட்டான். அது அங்கே தொங்குவது அவன் கண்ணில்கூடப் பட்டிருக்காது.

அது அவனுடைய ரொட்டியென்றால், அவன் இங்கே வருவதுதான் அங்கே ஒருத்தியின் கணக்கில் பயணம். திரும்பிப் போய்த் தின்பதாகச் சொல்லி ஒரு வாய் கடித்துவிட்டு வருகிறான்.

எங்கள் தெருக்கோடியில் ஒருத்திக்குப் போன வருஷம் அப்படித்தான் ஆனது. புருஷன் போனிலேயே மூன்று முறை தலாக் சொன்னான். மறுநாள் அவள் சீதனமாகக் கொண்டுவந்த மெத்தைகளை ஒரு லாரியில் அடுக்கி, மேலே அவளையும் உட்காரவைத்து, பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையை வைத்துக்கொண்டார்கள். முயஸ்ஸரின் பிறந்த வீட்டில் இப்போது தம்பி மனைவியின் ராஜ்யம். அங்கே மெத்தை போட இடமில்லை. லோலாவை விட்டுவிட்டுப் போக அவளுக்கு உயிரும் இல்லை.

சனோபர் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புழுக்கள் கடைசித் தூக்கம் கலைந்து எழுந்து அசுரப்பசியில் தின்றன. அறைக்குள் மழை பெய்வது போல ஓயாத சத்தம். இருவரும் வாய்க்கால் கரை மல்பெரி மரங்களை மொட்டையடித்துக் கிளை கிளையாகத் தூக்கிவந்து போட்டார்கள். போட்டு முடித்துத் திரும்புவதற்குள் வெறும் குச்சி கிடக்கும். சனோபர் மரத்தில், முயஸ்ஸர் கீழே. வெட்டுகிற கத்தி மட்டும் பேசும்.

அடுத்த நாள் வெயில் வந்ததும் சனோபர் பெரிய அறையில் கூரைவரை மடித்து அடுக்கியிருந்த மெத்தைகளை இறக்கத் தொடங்கினாள். முயஸ்ஸர் சீதனமாகக் கொண்டுவந்த மெத்தைகள். ஒவ்வொன்றாக முற்றத்துக் கொடியில் போட்டுத் தட்டினாள்.

முயஸ்ஸர் ஓடி வந்து கொடியைப் பிடித்தாள். "எதுக்கும்மா இப்ப இதெல்லாம்?"

"பூஞ்சை வாடை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். நீ போய்க் கிளைய வெட்டு."

ரொட்டிச் சூளையில் இதற்குள் சமாராக்காரிக்கு வயசும் ஊரும் வைத்துவிட்டார்கள். இங்கே பக்கத்து அந்திஜானைச் சேர்ந்தவளாம். நம்ம ஆள்தானாம், இல்லையென்றால் ரொட்டி மாட்டத் தெரியுமா என்றாள் ஒருத்தி. கைக்குழந்தை இருக்கிறதாம் என்றாள் இன்னொருத்தி. புழு வேலையில் வீட்டில் சுட நேரமில்லாமல் முயஸ்ஸர் ரொட்டி வாங்கப் போனபோது வரிசை தானாக விலகி அவளுக்கு வழி விட்டது. எங்கள் தெருவில் சாவு வீட்டாருக்குத்தான் அப்படி வழி விடுவார்கள். அவள் ரொட்டி வாங்காமலே திரும்பினாள்.

வீட்டுக்கு வந்தவள் நேராகப் பெரிய அறைக்குப் போனாள். மெத்தைகள் இல்லாமல் அறை அகலமாகிக் கிடந்தது. ஆணியில் ரொட்டி. முக்காலி போட்டு ஏறி, அதைத் தொடாமல் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கை பழகிவிட்டது, துக்கம் வந்தாலும் படமெடுக்கிறது. அப்புறம்தான் பார்த்தாள். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! அம்மா, இங்க வாங்க!"

சனோபர் கொடியில் தட்டிய கம்போடு ஓடி வந்தாள். "என்ன? புழுவுக்கு என்ன ஆச்சு?"

"புழு இல்ல. இந்தக் கடிய பாருங்க. நடுவுல பாருங்க."

எல்யோர் கடித்த இடத்தில், பாதிப் பல் பட்டும் படாமலும் விட்ட துண்டு ஒன்று சின்ன முளை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. முயஸ்ஸர் விரலால் தள்ளி சமாரா படத்துக்குப் போனாள். விரித்தாள். அந்த ரொட்டியில் கடி பிறை மாதிரி வழுவழுவென்று இருந்தது. முளை இல்லை.

சனோபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என் பிள்ளை பல்லு இல்ல இது."

"இல்லம்மா."

"முழுப் பல்லு இருக்கற எவனோ கடிச்சது."

"ஆமாம்மா."

சனோபர் கம்பைக் கீழே போட்டாள். மருமகளுக்கு எதிரில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்தபோது விரல் பட்டு அடுத்த படம் வந்துவிட்டது. புழு அறை. மல்பெரிக் குவியலில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற சனோபர். தலைத்துணி நழுவி, நரைத்த பின்னல் தோளில் கிடந்தது. முடியில் ஒரு இலை. மூன்று விதியையும் ஒரே படத்தில் மீறியிருந்தாள் முயஸ்ஸர். அவள் போனை வாங்கக் கை நீட்டினாள்.

சனோபர் கொடுக்கவில்லை, படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"இத அவனுக்கு அனுப்புனியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்க பெருக்கச் சொல்லுவீங்க."

"அப்ப எதுக்கு எடுத்த?"

"நல்லா இருந்தீங்க" என்றாள்.

சனோபர் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அழிக்காத" என்றாள். எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு போகிறபோது, "மெத்தைய வேற எதுக்குன்னு நெனச்ச? வரவன் படுக்க வேணாமா? கிறுக்கச்சி" என்றாள்.

அன்று மாலை அவள் செய்த முதல் காரியம் கவ்ஹருக்குச் சொல்லி அனுப்பியதுதான். கவ்ஹர் வந்தாள், கூடவே சூளையில் சேர்ந்த நாலு பேரும் வந்தார்கள். சனோபர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிபதி போல உட்கார்ந்திருந்தாள். "பாரு. நல்லா விரிச்சுப் பாரு. உனக்குத்தான் விரிக்கத் தெரியுமே. எங்க முளை? இருக்கா?"

"இல்லக்கா."

"சத்தமா."

"இல்லங்கறேன்ல."

"அப்ப அது எல்யோர் ரொட்டியா?"

"இல்ல" என்றாள் கவ்ஹர், ருசியான எதையோ பாதியில் பிடுங்கிக்கொண்டது போல. சனோபர் பெருந்தன்மையாக அவளுக்குக் கால் பியாலா ஊற்றினாள். அன்றைக்கு ஏழெட்டுத் தடவை ஊற்றியிருப்பாள். முயஸ்ஸரும் சிரித்தாள்.

எல்யோர் வந்த மத்தியானம் தூறல். டாக்சியிலிருந்து இறங்கி, சேற்றில் புதுச் செருப்பை ஊன்றி நின்றான். சனோபர் மாவுக் கையோடு கட்டிக்கொண்டு அழுதாள். அவன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முயஸ்ஸர் எங்கள் வழக்கப்படி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். லோலா தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பாவுக்குக் கால் இருக்கு" என்றாள் தாயிடம் ரகசியமாக. அதுவரை அவள் போனில் பார்த்ததெல்லாம் தலையும் கழுத்தும்தான்.

கவ்ஹர் ஏற்கெனவே பெரிய அறையில் இருந்தாள். இந்தத் தடவை சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். எந்தச் சல்லடை என்று யாரும் கேட்கவில்லை.

விரிப்பு விரித்து, உலர்திராட்சை, பாலாடை, சூடான ரொட்டி எல்லாம் வந்தது. எல்யோர் அதிகம் பேசவில்லை. உதட்டைக் குவித்து ஊதி ஊதித் தேநீர் குடித்தான். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினான். களைப்பு என்று நினைத்தார்கள்.

"இறக்கும்மா" என்றாள் சனோபர்.

முயஸ்ஸர் முக்காலியில் ஏறி ஆணியிலிருந்து ரொட்டியை இறக்கினாள். இவ்வளவு காலம் அவளும் அந்த ரொட்டியும்தான் அந்த அறையில் காத்துக்கிடந்தார்கள். இரண்டு கையாலும் ஏந்தி மாமியாரிடம் கொடுத்தாள். சனோபர் ஊதித் தூசி தட்டினாள். நனைக்கச் சூடான தேநீர் தயாராக இருந்தது.

"இருங்கம்மா. கையில ரொட்டியோட ஒரு படம்" என்றாள் முயஸ்ஸர்.

"பெருக்க வேணாமா?" என்று கவ்ஹர் கேலி செய்தாள்.

"வேணாம். அப்பிடியே இருக்கட்டும்." முயஸ்ஸர் போனைத் தூக்கினாள். லோலா பாட்டி மடியில், சனோபர் கையில் ரொட்டி, பக்கத்தில் எல்யோர். "கொஞ்சம் சிரிங்க லோலாப்பா. வீட்டுக்கு வந்துட்டீங்க. இன்னும் என்ன உம்முன்னு?"

லோலா அந்த நேரம் பார்த்து அவன் காலை விரலால் குத்திப் பார்த்தாள், நிஜம்தானா என்று. அவன் சிரித்துவிட்டான்.

முதலில் பார்த்தது முயஸ்ஸர்தான், போன் திரையில். வெள்ளை வெளேரென்று வரிசையாக முழுப் பல். நடுவில் இருந்த ஓட்டை இல்லை. பாதிப் பல் இல்லை. அவள் விரல் பொத்தானின்மேல் அப்படியே நின்றது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

சுவருக்கு அப்பால் புழுக்கள் தின்கிற சத்தம் கேட்டது. கவ்ஹர் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அப்படி மூடியதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

எல்யோருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "என்ன? எடுத்தாச்சா?"

"பல்லு எப்பக் கட்டுன?" என்றாள் சனோபர். குரல் சாதாரணமாக இருந்தது.

அவன் கை தானாக வாய்க்குப் போனது. "பனிக்காலத்துல. வலிச்சுச்சு."

"நல்லா இருக்கு. சின்னதிலேருந்து கட்டிக்கடா கட்டிக்கடான்னு நான் கெஞ்சுனேன். மாட்டேன்ன. யாரு சொல்லிக் கேட்ட?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான்."

"உன் அறைச் சுவத்துல ஒரு ரொட்டி தொங்குதே, அது?"

எல்யோர் சுவரைப் பார்த்தான், சமாராச் சுவரே எதிரில் இருப்பது போல. "அது கூட இருக்கறவனோடது. ஊருக்குப் போயிருக்கான்."

"பேரு?"

"என்னது?"

"அவன் பேரச் சொல்லு. எந்த ஊர்க்காரன்? அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, ஒங்க பிள்ளை ரொட்டி பத்திரமா இருக்குன்னு சொல்றேன். பெத்தவளுக்குச் சந்தோஷமா இருக்கும்."

எங்கள் நாட்டில் ஆண்பிள்ளைப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. விரிப்பின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தான். லோலா அவன் முகத்தையும் பாட்டி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முயஸ்ஸர் போனைத் தாழ்த்தினாள். அவள் பார்த்தது புருஷனை அல்ல, மாமியார் கையை. அந்தக் கை ரொட்டியைத் தேநீரில் நனைக்குமா? பெற்ற மகன். இத்தனை காலம் காத்திருந்து வந்தவன். நனைத்து நீட்டினால் எல்லாம் முடிந்தது. அங்கே ஒருத்தி இருக்கட்டும், இங்கே ஒருத்தி இருக்கட்டும், இல்லாவிட்டால் மெத்தைகள்தான் வெயிலில் தட்டித் தயாராக இருக்கின்றனவே.

சனோபர் ரொட்டியைத் திருப்பி அந்தக் கடியைப் பார்த்தாள். நடுவில் நீட்டிக்கொண்டிருந்த முளையைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினாள். லோலாவை மடியிலிருந்து இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முக்காலியில் அவளே ஏறினாள். ரொட்டியை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"அம்மா" என்றான் எல்யோர்.

"இதக் கடிச்சவன் இன்னும் வரல" என்றாள் சனோபர் சுவரைப் பார்த்தபடி. "வரட்டும். அந்தச் சுவத்துல இருக்கறதுக்கு ஒரு முடிவு கட்டிட்டு வரட்டும். அதுவரைக்கும் நானும் என் கெலினும் காத்திருப்போம். எங்களுக்கு அது பழக்கந்தான்."

இறங்கிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். தலைத்துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழ நேரமானது.

"கெலின், விருந்தாளி வந்திருக்காரு. டீ ஊத்தும்மா."

முயஸ்ஸர் போனைக் கீழே வைத்துவிட்டு கெட்டிலை எடுத்தாள். எல்யோரின் பியாலாவை முன்னால் இழுத்து ஊற்றத் தொடங்கினாள். கால்வாசி ஆனது. கவ்ஹர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஆனது. அவள் கை நிற்கவில்லை. தேநீர் விளிம்பைத் தொட்டது, விளிம்புக்கு மேலே ஒரு நூல் உப்பி நின்றது. அப்புறம்தான் நிறுத்தினாள்.

இடது கையை நெஞ்சில் வைத்து, ஒரு துளி சிந்தாமல், பியாலாவை அவன் முன்னால் நகர்த்தினாள்.

கையால் தூக்க முடியாது. குடிக்க வேண்டுமானால் அவன் குனிந்துதான் குடிக்கவேண்டும்.